ஒன்பது ஊருக்கு ஒரே ஆள்

மகனுக்கு, அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் நம் வீட்டுக் கடிதங்கள் ஆரம்பிக்கும். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டேன். அறுபதை நெருங்குகிற வயதில், அதுவும் பெற்ற பிள்ளைக்கு, பழக்கத்துக்காகப் பொய் எழுத மனம் வரவில்லை. உன் அப்பா அப்படியேதான் இருக்கிறார். எனக்கு இடது கண் மங்கிக்கொண்டு வருகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நாலு பக்கம். ஜலகண்டாபுரத்தைச் சுற்றியிருக்கிற ஏழு ஊர்ச் சபைகளையும் உன் கையில் கொடுத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே மூன்று ஊரில் ஆராதனை நடத்துகிறாய், நடுவில் இரண்டு பள்ளிக்கூடம், பட்டாளத்தோடு சண்டைக்குப் போன பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, சாவு, கல்யாணம், பங்காளித் தகராறு, எல்லாம் நீயே. சைக்கிள் டயர் வெடித்துவிட்டது, இந்தச் சண்டைக் காலத்தில் வேறு டயர் கிடைக்கவில்லை, அதனால் நடந்தே போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதும்போது உனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்து ஓரத்தில், நீ பார்க்காத நேரத்தில் எழுதியிருப்பாள் போலிருக்கிறது, மருமகள் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தாள். "அத்தை, இவர் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுகிறார். எழுப்பினால், யார் செத்தது என்று கேட்கிறார்." உன் நாலு பக்கத்தை ஒரு தடவை படித்தேன். அந்த இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. இதை எழுதினாள் என்று அவள்மேல் கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ளக்கூட உனக்கு நேரம் இருக்காது, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். உன் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு ஊரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். அவருக்குக் குரலும் இல்லை, பயிற்சியும் இல்லை, ஜனங்கள் என்னைத்தான் எதிர்பார்க்கிறார்கள் அம்மா, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஜனங்கள் உங்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்ற வார்த்தையை நம் வீட்டில் முதலில் சொன்னவள் நான். அதையே உன் கையெழுத்தில் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வார்த்தையால் என்ன ஆயிற்று என்று உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று மட்டும் நீ படித்துக்கொண்டிருந்த சேலத்து விடுதிக்குக் கடிதம் போட்டேன், நீயும் அதை நம்பிக்கொண்டாய். இப்போது சொல்கிறேன். கேட்டுத் திருந்துவாய் என்ற எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லாமல் செத்துப்போக எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

புதுச்சத்திரத்தில் நாம் குடியிருந்த ஓட்டு வீட்டை நினைத்துப் பார். பொழுது விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும். ஒருவனுக்குப் பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும், ஒருத்திக்குக் குடிகாரப் புருஷனைக் கண்டிக்க வேண்டும், இன்னொருவனுக்குத் தாசில்தாருக்கு மனு எழுத வேண்டும். மாடு கன்று போடாமல் தவிக்கிறது, வந்து ஜெபம் பண்ணுங்க என்று ஒருவன் வந்தான். அந்த மாட்டுக்கும் போனார் உன் அப்பா. ஒன்பது ஊர்ச் சபைக்கும் அவர் ஒருவரே போதகர், ஜனங்களுக்கு ஐயர். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு போனால் எந்த ஊரில் சாப்பிட்டார், எங்கே படுத்தார் என்று நாலு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கூட்டிப்போய் கிறிஸ்துமஸுக்குச் சட்டைத்துணி எடுத்துத் தருகிறேன் என்று உனக்கு மூன்று வருஷம் வாக்குக் கொடுத்தார். மூன்று வருஷமும் நீ தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். மூன்று வருஷமும் யாரோ வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு வருஷம் அழுதாய். மூன்றாம் வருஷம் அழாமல் உள்ளே வந்து, நீயே சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாய். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன், பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியும் வந்தேன். அன்றைக்கு உனக்கு எது வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. உன் அப்பாவைப் போலவே ஆக வேண்டும் என்ற முடிவு அன்றைக்கு வந்திருக்கிறது.

ஒன்பது ஊரில் கடைசி ஊர் யேசடியானுடையது. நம் வீட்டிலிருந்து பதினோரு மைல். நடுவில் ஒரு ஓடை, மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். யேசடியான் குழித்தறியில் உட்கார்ந்து வேட்டி நெய்கிறவர். அந்த ஊரில் முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் அவருடையது. பள்ளிக்கூடம் போகாத மனிதர், பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒருநாள் நெய்த வேட்டிகளை வியாபாரியிடம் போட்டுவிட்டு, வழியில் நம் வீட்டுக்கு வந்தார். நான் மோர் கொடுத்தேன். அவர் அப்பாவிடம் பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"ஐயருங்க, நீங்க மாசத்துக்கு ஒருக்காத்தான் எங்கூருக்கு வர முடியுது. மத்த ஞாயித்துக்கிழமைல சனம் கோயிலுக்கு வந்து, சும்மா குந்திப்போட்டு எந்திரிச்சுப் போகுதுங்க. நானு ஒரு அதிகாரம் படிச்சு, ரண்டு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிக்கட்டுங்களா? சாவுன்னா நாங்களே எடுத்துக்கறமுங்க. தறிக்கு ஒரு பாவு நூலு நீட்டோணும்னாலே தெருவுல பத்துப் பேரு வேணும். நீங்க ஒண்டியா ஒம்பது ஊரை இழுத்துட்டுத் திரியறீங்களே."

யோசித்துச் சொல்கிறேன் என்று அப்பா அவரை உட்கார வைத்துவிட்டு, அடுப்படிக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. தலையிலிருந்து விறகுச் சுமையை இறக்கியவர் போல இருந்தார். "நல்ல யோசனையாத்தான் இருக்குது புள்ளே. ஊருக்கு ஒருத்தர் இப்படிக் கெடைச்சா நான் மாசத்துல ரண்டு நாளாவது ஊட்டுல இருப்பேன்" என்றார். நான் கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னேன்.

"அப்பறம் நீங்க எதுக்குங்க? தறிக்குழியில இருந்து எந்திரிச்சு வந்தவரு பிரசங்கம் பண்ணுனா, ஐயருன்னு ஒருத்தரு எதுக்குன்னு நாளைக்கே கேப்பாங்க. மேல இருக்கறவங்க காதுக்குப் போச்சுன்னா, ஐயருக்குச் சோம்பல் வந்துருச்சும்பாங்க. சனம் உங்களைத்தானுங்க எதிர்பார்க்குது."

"அதுவுஞ் சரிதான்" என்றார் அப்பா. வெளியே போய் யேசடியானிடம், நான் வராமல் எதையும் செய்ய வேண்டாம், எப்பாடு பட்டாவது வந்துவிடுவேன் என்றார். யேசடியான் "சரிங்க" என்று மோர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஒன்பது ஊரிலும் அதையே சட்டமாகச் சொல்லிவிட்டார் அப்பா. ஐயர் வராமல் ஆராதனை இல்லை, ஐயர் வராமல் பிணம் எடுப்பதில்லை. நான் மேலிடத்துக்குப் பயந்து அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது இல்லை. சந்தைக்குப் போனால் ஐயரம்மா என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நிற்பார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. என் புருஷன் இல்லாமல் ஒன்பது ஊரிலும் ஒரு இலை அசையக்கூடாது என்று எனக்கு ஆசை. அவர் இளைத்துக்கொண்டே போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த கோடையில் வாந்திபேதி வந்தது. நீ விடுதியில் இருந்தாய், உன்னை ஊருக்கு வர வேண்டாம் என்று எழுதிவிட்டோம். அப்பா வீட்டை விட்டுப் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. இந்த ஊரில் புதைத்துவிட்டு அந்த ஊருக்கு, அங்கே புதைத்துவிட்டு அடுத்த ஊருக்கு. ஒரு நாள் உச்சி வெயிலில் யேசடியானின் தம்பி ஓடி வந்தார். பதினோரு மைலும் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன்.

"அண்ணி போயிட்டாங்க, ஐயரம்மா. வெடியால வந்துது, வெயில் ஏர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க. மணியகாரரு, ஊருக்கே பரவீரும், சீக்கிரம் எடுங்கடான்னு சத்தம் போடறாரு. ஐயரு வர முடியலீன்னா, நாங்களே ஜெபம் பண்ணி எடுத்துக்கட்டுங்களான்னு அண்ணன் கேட்டுட்டு வரச் சொல்லுச்சுங்க."

அப்போது அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. சாமி, மகனே, நன்றாகக் கேட்டுக்கொள். சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். நான் சொன்னது இதுதான்: "காத்திருங்க. ஐயரு சாயங்காலத்துக்குள்ள வந்துருவாரு. அவரு வராம எடுக்கப்படாது." அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்ப ஓடினார்.

காத்திருந்தார்கள். அன்று முழுவதும், மறுநாள் மத்தியானம் வரையிலும் காத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து கத்தினார்கள். கடைசியில் மணியகாரர் கூலிக்கு இரண்டு ஆளைக் கூட்டிவந்து, பாயோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கரையில் குழி வெட்டி மூடச் செய்தார். சபையார் பின்னாலேயே போய் நின்றார்கள். ஒருவரும் ஜெபிக்கவில்லை, ஒரு பாட்டு இல்லை. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அன்று சாயங்காலம் உன் அப்பா அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். எந்தச் செய்தியும் கிடைத்துப் போகவில்லை, வரிசையில் அடுத்த ஊர் அதுதான் என்று போயிருக்கிறார். மண் மூடி முடிந்திருந்தது. யேசடியான் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். திட்டவில்லை, அழவில்லை.

"நீங்க வந்துருவீங்கன்னு சொன்னாங்க. அதனால நானு வாயத் தொறக்கலீங்க, ஐயரே. அவளுக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க."

யார் சொன்னார்கள் என்று அப்பா கேட்கவில்லை. தான் போட்ட சட்டத்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் வீட்டுக்கு வந்து, இந்த வார்த்தைகளை அப்படியே எனக்குச் சொன்னார். காத்திருக்கச் சொன்னது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுடுதண்ணீர் வைக்கிறேன், குளியுங்கள் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்தில் ஆராதனை. முதல் பாட்டு முடிந்து, ஜெபத்துக்கு எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தார். சபை முழுவதும் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் கண்ணைத் திறந்து அவர் வாயையே பார்த்தார்கள். எழுபது எண்பது பேர் இருந்தோம். ஒருவர் தொடங்கியிருந்தால் போதும், மற்றவர்கள் கூடச் சேர்ந்து சொல்லியிருப்பார்கள். தொடங்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. பத்து வருஷமாக அவர் தொடங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். அவர் பலிபீடப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்க் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். அன்று உட்கார்ந்தவர்தான்.

மூளைக் களைப்பு என்றார் டாக்டர், ஓய்வுக்குக் குளிர்ந்த மலைக்கு அனுப்புங்கள் என்றார். மலையில் மூன்று மாதம் இருந்துவிட்டு, போனபடியே திரும்பி வந்தார். ஒன்பது ஊரில் ஐந்துக்கு வேறு ஆள் போடவே இல்லை. ஊரிலும் எடுத்து நடத்த ஆள் கிடையாது, நாங்கள்தான் யாரையும் வளரவிடவில்லையே. யேசடியான் ஊர்க் கோயில் கூரை அந்த வருஷத்து மழையோடு இறங்கிவிட்டது. ஜனங்கள் பழையபடி மாரியம்மன் பண்டிகைக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, பிணத்தைப் போட்டுக்கொண்டு காத்திருக்கச் சொன்னது மாரியம்மன் இல்லை. யேசடியான் குமாரபாளையம் பக்கம் கூலிக்கு நெய்யப் போய்விட்டார் என்று கேள்வி. ஒரு தடவை ராசிபுரம் சந்தையில் பார்த்தேன். "ஐயரு எப்படி இருக்காருங்க?" என்று கேட்டார். அப்போதும் எழுந்துதான் நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எந்தத் தோட்டத்துக் கத்திரிக்காய் இது என்று கடைக்காரனிடம் கேட்டேன்.

அப்பாவிடம் போன வருஷம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்களைக் காத்திருக்கச் சொன்னது நான்தான், உங்கள் தலையில் நீங்கள் போட்டுக்கொண்ட பழியில் பாதி என்னுடையது என்று காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "சரி" என்றார். முருங்கைக்கீரை வாங்கட்டுமா என்று கேட்டாலும் அதே சரிதான். நான் தாமதமாக வந்துவிட்டேன், சாமி. உள்ளே ஆள் இல்லை.

நான் மட்டும் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பக்கத்து வீட்டு அம்மாள் நல்லவள். "ஒரு வேளை நான் பாத்துக்கறனுங்க, நீங்க செத்த படுங்க" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அவருக்கு என் கைதான் பழக்கம், வேண்டாம் என்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுகிறது. இந்த நோய்க்கு ஊழியக்காரன், வீட்டுக்காரி என்ற வித்தியாசம் இல்லை. நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற நினைப்பு இனிக்கிறது, வேறென்ன?

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாத்தியாரிடம் போ. அவர் கேட்ட இரண்டு ஊரைக் கொடு, முடிந்தால் மூன்றாகக் கொடு. அவர் பாடினால் சுருதி சேராது என்கிறாய். சேராமல் போகட்டும். தப்பும் தவறுமாக ஜெபிப்பார், ஜெபிக்கட்டும். ஜெபத்தைக் கேட்கிற கர்த்தருக்கு இலக்கணம் முக்கியமில்லை என்று நீதானே பிரசங்கம் பண்ணுகிறாய்? மருமகள் விடுதியில் படித்தவள், பெண்கள் கூட்டத்தை அவளிடம் விடு. சாவு விழுந்தால் ஜெபம் பண்ணி முதல் பிடி மண் போட ஊருக்கு ஒரு ஆளைப் பழக்கிவை. நீ போன நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்காதே, போகாத நாளில் அவர்கள் கூடினார்களா என்று பார். அவர்கள் உன்னைத் தேடாமல் இருந்தால் உனக்கு வலிக்கும். எனக்குத் தெரியும். அந்த வலியைத் தாங்கிக்கொள், உன் அப்பாவுக்கு நேர்ந்ததைத் தாங்க முடியாது.

நீ கேட்க மாட்டாய். இதைப் படித்ததும் கண் கலங்கும், அம்மா பாவம் என்று சொல்வாய், அதற்குள் வாசலில் யாராவது வந்து கூப்பிடுவார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாய். உன்னைப் பெற்று, மூன்று கிறிஸ்துமஸ் வாசலில் நிற்கவைத்துப் பழக்கியவள் நான், எனக்குத் தெரியாதா? உன் கடிதத்தை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். முடித்துவிட்டு நான் எழுந்தபோது, "அவனுக்கு எத்தனை ஊரு?" என்று கேட்டார். மாதக்கணக்கில் அவராக எதையும் கேட்டதில்லை, திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ஏழு என்றேன். "எனக்கு ஒம்பது" என்றார். அவருக்குள் இன்னும் சாகாமல் இருப்பது அது ஒன்றுதான்.

அதனால் மருமகளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, இதே தபாலில் போடுகிறேன். உன் அப்பாவைப் போல உட்கார்ந்துவிட்ட மனிதனுக்குச் சோறு ஊட்டுவது எப்படி, எந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்கக்கூடாது, முகம் மழிக்கும்போது தலையை எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும், வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் என்ன சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன். அவளுக்குப் பத்தொன்பது வயதுதானே ஆகிறது, பழகிக்கொள்வாள்.

அம்மா